குளிர் மலையில் எரிவாயு



அப்புத்தளையின் மார்கழி இரவு எத்தகையது என்பதைக் கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருந்து இப்பேச்சைச் செவிமடுப்போர் எளிதில் உணரமாட்டார்கள். தெற்கே சமவெளி, வடக்கே ஊவாப் பள்ளத்தாக்கு; இரண்டுக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய மலைமுகடு ஒன்றின்மீது எங்கள் ஊர் அமர்ந்திருக்கிறது. காற்று இரு பக்கமும் வீசும். மூடுபனி தெருவிலே நடந்து கடைகளுக்குள் புகும். சில நாட்களில் வகுப்பறைக்குள்ளும் வந்து, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையை மறைத்துவிடும். ஆதலால் கதவையும் சன்னலையும் அடைப்பது எங்கள் மக்களுக்குப் பிறவிக் குணம் போல் ஆகிவிட்டது. சன்னற் பலகையின் இடுக்கிலே பத்திரிகைத் தாளைத் திணிப்பதும், வாசற்படியின் கீழ் சாக்கைச் சுருட்டி வைப்பதும் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் காணக்கூடிய காட்சிகள்.

இப்படி அடைத்த வீட்டுக்குள் எரிவாயு வந்து சேர்ந்திருக்கிறது. அதனைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். நான் விஞ்ஞானம் கற்றவன் அல்லன். வரலாறும் தமிழும் படித்துப் பட்டம் பெற்றவன். ஆயினும் ஒரு விடியற்காலை நேர்ந்த நிகழ்ச்சி, இவ்விடயத்தை எழுத்துக் கூட்டியாவது கற்றாக வேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்தியது.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில், முதல் நாள் மாலை வீட்டுக்குப் புதிய சிலிண்டர் ஒன்று வந்தது. கொண்டுவந்த இளைஞனுக்கு மழைக்கு முன் இன்னும் பத்து வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. ரெகுலேட்டரைப் பொருத்தித் திருகிவிட்டு ஓடிவிட்டான். மலைச்சரிவில் கட்டிய பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் குசினி கூடத்தைவிட இரண்டு படி தாழ்ந்தது. விடியற்காலை நாலரை மணிக்குத் தேநீர் வைக்கலாமென்று எழுந்தேன். கூடத்தில் ஒரு வாடையும் இல்லை. குசினிப் படியில் இறங்கிச் செருப்பைத் தேடிக் குனிந்தபோது, அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றம் முகத்தில் அடித்தது. என்னவென்று பார்ப்போம் என்று என் கை தன்பாட்டில் மின்விளக்கின் சுவிச்சுக்குப் போயிற்று. "ஐயோ, சுவிச்சைத் தொடாதீங்க!" என்று பின்னாலிருந்து என் மனைவி போட்ட சத்தத்தில் கை நின்றது. அவரே இருட்டில் இறங்கிச் சென்று வால்வை மூடினார், பின்கதவைத் திறந்தார், என்னை வெளியே போகச் சொன்னார். முற்றத்துப் பனியில் அரைமணி நேரம் நடுங்கிக்கொண்டு நின்றோம்.

விடிந்த பிறகு பார்த்தால், வால்வின் வாயிலே இருக்கும் சிறிய ரப்பர் வளையம் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. நகத்தளவு கிழிசல். அன்று வியாழக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் குசினி மூலையில், தரையை ஒட்டிய சாமித் தட்டில், இரவு முழுவதும் விளக்கு எரியும். அந்தச் சிலிண்டர் இரண்டு நாள் பிந்தி வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நான் நெடுநாள் எண்ணிப் பார்த்ததுண்டு.

நேயர்களே, என் மனைவி அறிந்திருந்ததும் நான் அறியாதிருந்ததும் யாதெனில், இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதே. சிலிண்டருக்குள் இருப்பவை புரொப்பேன், பியூற்றேன் என்னும் இரு பொருள்களின் கலவை. அழுத்தத்தினால் நீர்மமாக்கி அடைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் அந்த நீர்மம் ஏறத்தாழ இருநூற்றைம்பது மடங்கு பருமனுள்ள வாயுவாக விரியும். அவ்வாயுக்களில் புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு, பியூற்றேன் இரண்டு மடங்கு கனமுடையது. எனவே அது புகையைப் போல மேலே போகாது. நீரைப் போலத் தாழ்வைத் தேடி ஓடும். எங்கள் ஊரில் மூடுபனி ஓடைவழியே இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. படியிறங்கும், கதவுக்குக் கீழே நுழையும், காணுக்குள் விழுந்து அடுத்த வீட்டுக்கும் போகும். காற்றிலே நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். தரையில் எரியும் விளக்கும், குளிர்சாதனப் பெட்டியின் அடியிலிருந்து அவ்வப்போது எழும் மின்பொறியும், பக்கத்து அறையில் மூடிவைத்த விறகடுப்பின் தணலும் அதற்குப் போதுமானவை.

இவ்விடத்தில் எங்கள் மலைநாட்டுக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். பியூற்றேன் கொதித்து வாயுவாகும் வெப்பநிலை ஏறக்குறைய பூச்சியப் பாகை செல்சியஸ். புரொப்பேனுக்கோ அது பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை. கொழும்பின் வெக்கையில் இரண்டும் தாராளமாக ஆவியாகும். அப்புத்தளையில் பத்துப் பாகைக் குளிரில், அதுவும் அடுப்பு நெடுநேரம் எரிந்து சிலிண்டர் தன்னைத்தானே குளிர்வித்துக்கொண்ட பின்னர், பியூற்றேன் மந்தமாகிவிடும். அதிலும் எளிதில் ஆவியாகும் புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விடுவதால், சிலிண்டர் முடியும் தறுவாயில் அடியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூற்றேனே. சுவாலை தாழும். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் இன்னும் கனக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று மக்கள் கோபிப்பார்கள். ஏமாற்று அங்கே ஒன்றுமில்லை, குளிர்தான்.

ஆனால் அதற்கு அவர்கள் செய்யும் வைத்தியம் இருக்கிறதே! ஒருவர் கொதிநீரை ஊற்றுவார். ஒருவர் விறகடுப்பின் அருகே உருட்டி வைப்பார். இன்னொருவர் பக்கவாட்டில் படுக்க வைப்பார். சூடு பட்டால் உள்ளே அழுத்தம் மளமளவென்று ஏறும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாக நீர்மமே ரெகுலேட்டருக்குள் புகுந்து அடுப்பிலே பெருநெருப்பாக வெளிப்படும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். காலையில் சுவாலை தாழ்ந்தால், வெயில் ஏறும் வரை பொறுத்திருப்பதே தக்கது. அதுவரை விறகடுப்பில் தேநீர் வைத்துக்கொள்ளலாம். தேயிலை மிலாறு எரிந்த தேநீருக்கு ஒரு தனிச்சுவை உண்டு என்பது என் சொந்தக் கருத்து.

கலவையின் விகிதம் எவ்வளவு முக்கியமானது என்பதை 2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கை முழுவதும் கண்டது. வீடு வீடாக அடுப்புகள் வெடித்தன, கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்புகள் சிதறின, உயிர்களும் போயின. வீட்டில் சிலிண்டர் இருப்பதற்கே மக்கள் அஞ்சி, இரவில் அதை முற்றத்தில் கொண்டுபோய் வைத்தனர். ஆராய்வதற்கு ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். முன்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரொப்பேனும் நான்கு பங்கு பியூற்றேனுமாக இருந்த கலவையில் புரொப்பேனின் பங்கு உயர்த்தப்பட்டதே முதன்மைக் காரணம் என்று அக்குழு அந்த டிசம்பரிலேயே கூறிற்று. நம் நாட்டு வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் பியூற்றேனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. பழைய கலவைக்குப் பழகிய ரப்பர்க் குழாய்களும் தளர்ந்த கிளிப்புகளும் புதிய அழுத்தத்தின் முன் கசிந்தன. விகிதத்தை மாற்றியது குடும்பத்தலைவியின் குற்றமன்று. ஆயினும் இற்றுப்போன குழாய் வீட்டிலே இருந்தது என்பதும் உண்மை. மறு ஆண்டு, 2022இல், வாயுவே கிடைக்கவில்லை. நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். மாதக்கணக்கில் தூங்கிய அடுப்புகளின் குழாய்கள் அதற்குள் காய்ந்து வெடித்திருந்தன, சிலவற்றை எலி கடித்திருந்தது. சிலிண்டர் கிடைத்த மகிழ்ச்சியில் எத்தனைபேர் குழாயைப் பார்த்தார்களோ!

வாயுவுக்கு இயற்கையில் மணமே கிடையாது என்பதை நேயர்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? என்னைத் தடுத்து நிறுத்திய அந்த நாற்றம், எதில் மேர்காப்டான் என்னும் பொருளை வேண்டுமென்றே சிறிதளவு கலப்பதால் வருவது. இப்பழக்கம் உலகிற் பரவியதன் பின்னே ஒரு பாடசாலை இருக்கிறது. அதை வாசித்தபின் பல இரவுகள் எனக்கு உறக்கம் வரவில்லை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர். எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த செழிப்பான பகுதி, வசதியான பாடசாலை. கட்டடத்தை வெப்பமாக்க முதலில் கொதிகலன் ஒன்றை அமைப்பதாக இருந்தது. பின்னர் செலவைச் சுருக்கி, அறைதோறும் வாயுவில் எரியும் வெப்பமூட்டிகளைப் பொருத்தினார்கள். 1937ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவ்வாயுவுக்குக் கட்டும் பணத்தையும் மிச்சப்படுத்த எண்ணி, எண்ணெய்க் கிணற்றுக் கழிவு வாயு செல்லும் குழாயிலே தாங்களே ஒரு கிளை எடுத்து இணைத்துக்கொண்டார்கள். மிச்சமானது மாதத்துக்கு ஏறக்குறைய முந்நூறு டொலர். இணைப்பு எங்கோ கசிந்தது. தரைக்கு அடியில் இருந்த நீண்ட வெற்றிடத்தில் வாயு நிறைந்தது. மணமில்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் சிலர் தலைவலி, கண் எரிச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். மார்ச் 18ஆம் திகதி பிற்பகல், கடைசிப் பாடவேளை. கைப்பணி ஆசிரியர் மரம் தேய்க்கும் இயந்திரத்தின் சுவிச்சைப் போட்டார். கட்டடமே மேலெழுந்து வீழ்ந்தது. ஏறத்தாழ 300 மாணவரும் ஆசிரியரும் மாண்டனர். வாயுவுக்கு நாற்றம் ஊட்ட வேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் செய்தது அவ்வாண்டிலேதான். பதிவு பெறாதவர் தம்மைப் பொறியியலாளர் என்று சொல்லித் தொழில் செய்யலாகாது என்ற சட்டமும் அதே ஆண்டில் வந்தது. இப்போது அந்த நாற்றம் மூக்கில் பட்டால் நான் முகம் சுளிப்பதில்லை.

ஆனால் நாற்றமே இல்லாத இன்னொரு பகைவன் இருக்கிறான். கசியாமல், முறையாக எரிந்துகொண்டிருக்கும் நெருப்பிலிருந்தே அவன் பிறக்கிறான். எரிபொருள் எதுவாயினும், போதிய காற்று கிடைக்காவிட்டால் முற்றாக எரியாமல் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவைக் கக்கும். நமது குருதி ஒட்சிசனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பற்றிக்கொள்ளும். நிறமில்லை, மணமில்லை. தலைவலிக்கும், குமட்டும், தூக்கம் வரும். அத்தூக்கத்திலிருந்து எழாமலும் போகலாம்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தமிழ்நாட்டின் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இருவர், இறைச்சி வாட்டிய கரியடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு உறங்கி, அப்படியே மாண்டார்கள். கொடைக்கானல் தூரத்து ஊர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தோட்டங்களில் பிள்ளை பெற்ற வீட்டில் தணற்சட்டி வைப்பது வழக்கம். ஒரு மழைக்காலத்தில் என் பாடசாலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, காலையில் வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்துவிடுவாள்; பதினொரு மணியானால் சரியாகிவிடும். வீட்டுப்பாடம் செய்யாததற்குச் சாட்டு என்று எண்ணி நான் அவளை இரண்டு முறை கடிந்துகொண்டேன். மூன்றாம் வாரம் அவள் தாயை அழைத்து விசாரித்தபோதே, வீட்டில் ஒரு மாதக் குழந்தை இருப்பதும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்து பேர், சன்னலை அடைத்துக் கொண்டு, கரித்தணல் கனியும் சட்டியைச் சுற்றிப் படுப்பதும் தெரியவந்தன. "குழந்தைக்குக் குளிருமேன்னுதான் சேர்," என்றார் அந்தத் தாய். வெளியே வந்ததும் தெளிகிற தலைவலி, வீட்டிலுள்ள எல்லோருக்கும் சேர்ந்து வருகிற தலைவலி, இவற்றின் பொருள் அன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. குழந்தை தப்பியது. அந்தச் சிறுமியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

இப்படியொரு வீட்டில் புகைக்கு வழி எங்கே? எங்கள் ஊருக்குப் பக்கத்தில், சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய அடிஷாம் பங்களா இருக்கிறது. இன்று அது துறவியர் மடம். உல்லாசப் பயணிகள் அதன் கல்லையும் தோட்டத்தையும் பார்த்து வியப்பார்கள். நான் பார்ப்பது கூரைமேல் நிற்கும் புகைப்போக்கிகளை. துரைமார் கணப்படுப்புக்குப் புகைப்போக்கி இல்லாமல் ஒரு பங்களாவும் கட்டவில்லை. அதே மலையில், அதே குளிரில், பெரும்பாலான லயங்களுக்கு ஒன்றும் வைக்கவில்லை. புகை தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே போயிற்று. அந்த ஓட்டைகளே ஒருவகையில் உயிரைக் காத்தன என்பது கசப்பான உண்மை. இப்போது எங்கள் மக்கள் தனி வீடுகளுக்குப் போகிறார்கள். இந்திய உதவியில் நாலாயிரம் வீடுகள் என்று தொடங்கி, 2017ஆம் ஆண்டு மேலும் பத்தாயிரம் அறிவிக்கப்பட்டன. நல்ல சுவர், நல்ல கதவு. மகிழ்ச்சியே. ஆனால் லயத்தில் இருந்தபோது தானாக நுழைந்த காற்று இப்போது நாம் விட்டால்தான் நுழையும்.

ஒரு கிலோ வாயு முற்றாக எரிய ஏறத்தாழ பதினைந்து கிலோ காற்று வேண்டும். எரிந்தபின் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியும் உண்டாகும். பன்னிரண்டரைக் கிலோச் சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் ஏறத்தாழ இருபது லீற்றர் தண்ணீர் வீட்டுக்குள் ஆவியாகப் பரவுகிறது என்றால் நம்புவீர்களா? குளிர்ச் சுவரில் வியர்வை வடிவதும் பூஞ்சணம் பிடிப்பதும் அதனாலேதான். சுவர் வியர்த்தால் காற்று போதவில்லை என்று அது நமக்குச் சொல்கிறது. சுவாலை நீலமாயிருந்தால் நன்று. மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரிபிடித்தால் காற்றுக் குறைவு, அல்லது அடுப்பின் துளைகளில் அடைப்பு.

வீட்டை வெப்பமாக்குவதற்கென்றே வாயு உலை வைக்கும் நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? என் பழைய மாணவர் ஒருவர் கனடாவில் ரொறன்ரோவுக்கு அருகே வீடு வாங்கியிருக்கிறார். ஒரு தை மாதத்து இரவு தொலைபேசியில் அழைத்தார். வெளியே உறைபனி, வீட்டில் இரு குழந்தைகள். "சேர், சிவப்பு அட்டையைக் கட்டி வாயுவையே நிறுத்திட்டுப் போய்ட்டாங்க சேர்!" என்று கொதித்தார். பழைய உலையை எடுத்துவிட்டு, நண்பர் ஒருவரின் துணையோடு, மலிவாகக் கிடைத்த ஓர் உலையைத் தாமே நிலவறையில் பொருத்தியிருக்கிறார். கைவேலை தெரிந்தவர், அதனால் வந்த துணிவு. அங்கே உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளர் அன்றி வேறெவரும் வாயு இணைப்பில் கைவைக்கக் கூடாது. சோதிக்க வந்தவர், கழிவு வாயுக் குழாய் குழந்தைகளின் படுக்கையறைச் சன்னலுக்கு அடியில் முடிவதைக் கண்டிருக்கிறார். உடனே நிறுத்திவிட்டார்.

அவருடைய தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையருக்கு நின்றவர். தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் "ஸ்டோர்" என்றே சொல்வார்கள். நான் கேட்டேன்: "தம்பி, உங்க அப்பா ஸ்டோரில் கொழுந்து காய வைக்கும்போது விறகுப் புகை தேயிலையில் பட்டதுண்டா?" இல்லை என்றார். படாது. பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன், அசாமில் தேயிலை வளர்த்த அனுபவத்தோடு "சிரொக்கோ" என்னும் உலர்த்தும் இயந்திரங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செய்தார். அவ்வகை இயந்திரத்தில் நெருப்பு ஒரு பக்கம், தேயிலைக்குப் போகும் காற்று மற்றொரு பக்கம். நடுவே இரும்பு. சூடு இரும்பைக் கடக்கும், புகை கடக்காது. கனடா வீட்டு உலையும் இதே முறைதான். இரும்புச் சுவருக்குள் வாயு எரிகிறது. வெளிப்புறத்தை உரசிச் செல்லும் காற்றே அறைகளுக்குப் போகிறது. எரிந்த வாயுவுக்குத் தனிக்குழாய், வீட்டுக்கு வெளியே. அந்த இரும்பில் வெடிப்பு விழுந்தாலோ, வெளிக்குழாயைப் பனி மூடினாலோ, அது சன்னலுக்கு அருகே முடிந்தாலோ, உலை முழுவதும் அறைக்குள்ளே கரித்தணற் சட்டியாகிவிடும். ஸ்டோரில் அது நடந்தால் தேயிலை புகைமணம் ஏறி ஏலத்தில் விலை போகாது. வீட்டில் நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒன்ராறியோ மாகாணத்தின் உட்ஸ்ரொக் நகரில், 2008 டிசம்பரில், வாயுக் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டதால் ஒரு குடும்பத்தில் பெற்றோரும் இரு பிள்ளைகளும் இறந்தனர். அதன் விளைவாக 2013இல் அம்மாகாணம் சட்டமியற்றிற்று. எரிபொருள் எரியும் வீடுகளில் படுக்கையறை அருகே காபனோரொட்சைட்டை உணர்ந்து ஒலிக்கும் கருவி இருத்தல் வேண்டும் என்பது சட்டம். நம் மாணவர் வீட்டிலும் ஒன்று இருந்தது. மின்கலம் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ஏனென்று கேட்டேன். அடிக்கடி சத்தம் போட்டதாம்!

அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் விடுதி நடத்துவோருக்கு ஒரு வார்த்தை. குளியலறைச் சுவரில் வாயுவால் இயங்கும் வெந்நீர்க் கருவியை மாட்டி, குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்கள். அக்கருவி வெளிச்சுவரில் இருக்கட்டும்; குளியலறைக்குள் தண்ணீர்க் குழாய் மட்டும் வரட்டும்.

இனி, அந்தத் தை மாதத்துக்குப் பின் என் வீட்டில் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். விற்பனை முகவரிடமிருந்து பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்து, அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலையைத் தொடங்கினோம். சிலிண்டர் இப்போது குசினிக்கு வெளியே, தாழ்வாரத்தின் கீழ், நிலத்தைவிட உயர்த்திய சீமெந்துத் திண்ணையில் நிற்கிறது. அதைச் சுற்றிக் கம்பிவலைப் பெட்டி. பலகைப் பெட்டி செய்யலாமென்றேன். அடியில் காற்றுப் போகாது என்று அவர் மறுத்துவிட்டார். முதலில் நான் காட்டிய இடத்துக்குப் பக்கத்தில் காண் ஓடியதால் அதையும் தள்ளிவிட்டு வேறிடம் பார்த்தார். சுவரைக் கடக்குமிடத்தில் ரப்பர்க் குழாய் இல்லை. செப்புக் குழாய், அதற்கு ஓர் உறை. அடுப்பருகே மட்டுமே ரப்பர், அதுவும் ஒன்றரை மீற்றருக்கு மேற்படாமல். இரு முனையிலும் கிளிப். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுகிறோம்; மாற்றிய திகதியைச் சுவரில் சோக்கட்டியால் என் மனைவி எழுதி வைத்திருக்கிறார். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, இணைப்புகளில் சவர்க்கார நுரையைப் பூசுவோம். நுரை குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சியால் சோதிப்பவர்களை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அவர்கள் உயிரோடிருப்பது அவர்கள் குலதெய்வத்தின் கருணை. விறகடுப்பு முன்போலவே இருக்கிறது, ஆனால் குசினியின் மறுகோடியில். சாமித் தட்டு கூடத்துக்கு ஏறிவிட்டது. உறங்கப் போகும் முன் அடுப்பை மட்டுமன்றி சிலிண்டர் வாயையும் மூடுகிறோம்.

எல்லோராலும் திண்ணையும் செப்புக் குழாயும் அமைக்க இயலாது என்பதை அறிவேன். ஐந்து கிலோச் சிலிண்டர் வாங்கவே தவணை பார்க்கும் வீடுகள் உண்டு. அவர்கள் குழாய், கிளிப், வளையம் மூன்றையும் பார்த்துக்கொண்டு, கதவின் அடியிலும் கூரையின் அருகிலும் காற்றுக்கு வழி விட்டாலே பாதி வேலை முடிந்தது. நாற்றம் வந்தால் சுவிச்சைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. கைத்தொலைபேசியை வெளியே போய்த்தான் எடுக்க வேண்டும்.

சென்ற மாதம் தோட்டத்துப் புது வீடொன்றுக்கு அழைத்திருந்தார்கள். முன்னே சொன்னேனே, தலைவலியோடு வந்த அந்தச் சிறுமியின் வீடுதான். இப்போது அவள் உயர்தரம் படிக்கிறாள். புது அடுப்பு, புதுக் குழாய், எல்லாம் ஒழுங்காயிருந்தன. சுவரின் மேற்பகுதியில் மேசன் விட்ட காற்றுத் துவாரங்களில் மட்டும் பத்திரிகைத் தாள்கள். அவளே நாற்காலிமேல் ஏறி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கதவின் கீழிருந்த சாக்கை நான் எடுத்தேன். "குளிருமே சேர்," என்றார் பாட்டி. குளிரும்தான் பாட்டி, இன்னொரு கம்பளி போர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.